பெயர் எழுத மாட்டேன்

எங்கள் வகுப்பில் அதிகம் பேசுவது நான்தான். என் பட்டப்பெயரே வாயாடி. அதனால்தான் டீச்சர் என்னை வகுப்புத் தலைவி ஆக்கினார். பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையைக் கொடுத்தால், எழுதுகிற நேரத்திலாவது என் வாய் மூடியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பாவம், அந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தப்பாகிவிட்டது.

மற்றபடி கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் எங்கள் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு குறை உண்டு. கையெழுத்து மிகவும் அழகாக இருக்கும். அது எப்படிக் குறையாகும் என்கிறீர்களா? கேளுங்கள்.

தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவருடைய கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். அதனால் பள்ளிக்கு எந்தப் படிவம் வந்தாலும் டீச்சரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிடுவார். அந்த வாரம் வந்தது காலணிப் படிவம். பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு என்ன சைஸ் செருப்பு என்று எழுத வேண்டும். அதுவும் மூன்று பிரதிகள். எங்கள் கால்களைப் பற்றி டீச்சருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் பலகையில் 1/3 + 1/4 என்று எழுதினார். உடனே மணியடிக்கும் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பெரிய சார் கூப்பிடுறாரு."

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். புதன்கிழமையும் கூப்பிட்டார். வியாழக்கிழமை வரை அந்தக் கணக்கு விடை இல்லாமல் பலகையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பின்னத்தில் தேர்வு!

வியாழக்கிழமையும் அதே அழைப்பு. "சத்தம் வராம பாத்துக்கம்மா. பேசுறவங்க பேரை எழுதி வை," என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் போனார். அவர் முகத்தைப் பார்த்தால், போக விருப்பமே இல்லை என்று தெரிந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நெட்டைதான். அவன் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் பலகைக்குப் போய் அவன் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன்.

"வேணாம், வாயாடி!" என்று அவன் எழுந்தே விட்டான். "ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதிட்டே!"

பெயர் மூன்று தடவை பலகையில் ஏறினால் அம்மாவோ அப்பாவோ பள்ளிக்கு வர வேண்டும். அது பெரிய சார் போட்ட சட்டம். நெட்டையின் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலில் தூங்கினால்தான் அவருக்குத் தூக்கம்.

"அப்போ ஏன்டா பேசுனே?"

"சந்தேகம் கேட்டேன். மேல இருக்குற ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டினா ரெண்டு. கீழ மூணையும் நாலையும் கூட்டினா ஏழு. அப்போ ஏழுல ரெண்டுதானே? இவ இல்லேங்குறா. ஏன் இல்லேன்னு கேட்டா தெரியாதுங்குறா."

எனக்கும்தான் தெரியாது. சந்தேகம் கேட்பதும் பேசுவதில் சேருமா? சேரும் என்றால் எங்களுக்கு யார் சொல்லித்தருவது? நான் டஸ்டரை எடுத்து அவன் பெயரின் முதல் எழுத்தை அழித்தேன். அந்த இடத்தில் அவன் சந்தேகத்தை எழுதினேன்.

"அய்! எனக்கும் ஒண்ணு இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"நான் சொல்றேன், நான் சொல்றேன்!"

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்க வேண்டும்? கீழே பூஜ்யம் போட்டால் என்ன ஆகும்? நான் எழுத எழுதக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பத்து கேள்விகள் ஆனதும், முதல் பெஞ்சில் இருக்கும் சுண்டெலி மெதுவாகக் கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே சின்ன உருவம் அவள். பேசவே மாட்டாள்.

"டீச்சர் எப்ப வருவாங்க? இதை எழுதலாமா?"

அதையும் எழுதினேன், பதினோராவதாக.

இவ்வளவு சத்தம் போட்டால் சும்மா இருப்பார்களா? பெரிய சார் வந்துவிட்டார். மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்த பலகையைத் தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பதினோரு பேரா! நல்லா எழுதியிருக்கே."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் சிவந்தது.

"என்ன இது? பேசினவங்க பேர் எங்கே?"

"எழுதலை சார்."

"யாரு யாரு பேசினாங்க? சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்."

என் கால்கள் நடுங்கின. ஆனால் வாய் நடுங்கவில்லை. அது எப்போதுமே அப்படித்தான்.

"அவங்க பேசலை சார், சந்தேகம் கேட்டாங்க. பாடம் நடந்து நாலு நாள் ஆச்சு. நாளைக்குப் பரீட்சை. கேக்காம என்ன பண்ணுவாங்க?"

"அப்படியா? அப்போ உன் பேரையே எழுதுறேன். மூணு தடவை!"

"எழுதுங்க சார்."

எழுதினார். அது என் பெயர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு கிறுக்கல். ஆனாலும் மூன்று தடவை இருந்தது. இனி என் அம்மாவோ அப்பாவோ பள்ளிக்கு வர வேண்டும். கடைசி பெஞ்சில் நெட்டை எழுந்து நின்றான்.

"சார், முதல்ல பேசினது நான்தான்."

"நானும்தான் சார்," என்று சுண்டெலி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக வகுப்பே எழுந்து நின்றது. பெரிய சார் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பலகைப் பக்கம் திரும்பினார்.

"என்ன பெரிய சந்தேகம்! கீழ ரெண்டு இடத்துலயும் ஒரே எண் வரணும். பன்னெண்டு. அவ்வளவுதான்."

"ஏன் சார் ஒரே எண் வரணும்?" என்றான் நெட்டை.

"அது... அப்படித்தான்."

"டீச்சரா இருந்தா ஏன்னு சொல்லுவாங்க சார்," என்றேன் நான்.

சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் டீச்சர் நிற்பதைப் பார்த்தேன். கையில் படிவக் கட்டு, விரலில் மை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பதினோராவது வரிக்கு வந்ததும் அவர் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"பாருங்க டீச்சர், உங்க வகுப்பு லட்சணத்தை!" என்றார் பெரிய சார்.

"பாத்தேன் சார். நான் இங்க இருந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்விங்க. இனிமே பாட நேரத்துல நான் வகுப்பை விட்டு வர மாட்டேன்."

"படிவம் இன்னைக்கே போகணுமே!"

"பாடம் முடிஞ்சதும் எழுதுறேன். அதுவரைக்கும் நீங்க எழுதிட்டிருங்க சார்."

"நானா? என் கையெழுத்து..."

"பழகப் பழக வந்துடும் சார்," என்று டீச்சர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். இரண்டு பிரதிகளை அவர் கையில் கொடுத்து, எழுதாத ஒரு தாளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

பெரிய சார் போன பிறகு டீச்சர் டஸ்டரை எடுத்தார். என் பெயரை மூன்று இடத்திலும் அழித்தார். கேள்விகளைத் தொடவில்லை.

பிறகு அந்தக் காலணிப் படிவத்தை நீளவாக்கில் மூன்றாக மடித்தார். குறுக்கே நான்காக மடித்தார். விரித்துக் காட்டினார். பன்னிரண்டு கட்டங்கள்.

"இதுல மூணுல ஒரு பங்கு எத்தனை கட்டம்?"

"நாலு!"

"நாலுல ஒரு பங்கு?"

"மூணு!"

"மூணுல ஒரு பங்கும் நாலுல ஒரு பங்கும் ஒரே அளவு இல்ல. அதை அப்படியே கூட்ட முடியாது. இப்போ எல்லாம் ஒரே அளவுக் கட்டம். கூட்டுங்க."

"ஏழு!" என்று கத்தினான் நெட்டை. "பன்னெண்டுல ஏழு! அதனாலதான் ஒரே எண்ணா!"

அவன் போட்ட சத்தம் பெரிய சாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்போது மணியடிக்கும் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், படிவத்துல நாலாவது கட்டத்துல என்ன எழுதணும்னு பெரிய சார் கேக்குறாரு."

"பாடம் முடியட்டும்ணே. வந்து சொல்றேன்."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. மடிப்பு விழுந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஏழு எப்படி வந்துச்சு டீச்சர்? இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

டீச்சர் முதலிலிருந்து சொன்னார். அண்ணன் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று எங்கள் பள்ளியில் மணி பத்து நிமிடம் தாமதமாகத்தான் அடித்தது.