பூஜ்ய ஒதுக்கீடு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அரசின் கணினியான கணிப்பி அந்த வார ஒதுக்கீட்டை வெளியிட்டபோது, கல்மேட்டுத்துறை சமுதாயக் கல்லூரியின் டயாலிசிஸ் பயிற்சிப் பிரிவுக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது.

முதல்வர் அமலோற்பவம் திரையை மூடித் திறந்து பார்த்தார். மாறவில்லை. அந்தப் பிரிவில் முப்பத்தொரு மாணவர்கள். தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம்.

சட்டமன்றம் இப்போதெல்லாம் கல்விக்கென்று ஒரு மொத்தத் தொகையை மட்டுமே நிறைவேற்றியது. அதை எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு என்று பிரிப்பது கணிப்பியின் வேலை. ஒவ்வொரு மாணவரின் வருகைப்பதிவு, பஸ் பயணம், மருந்துக்கடை ரசீது, வீட்டு மின்கட்டணம் என்று எல்லாவற்றையும் படித்து, அவர் தேறுவதற்கான வாய்ப்பை அது ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும். அதற்குத் தேறல் விழுக்காடு என்று பெயர். ஐம்பதுக்குக் கீழே போனவருக்குப் பணம் வராது. பன்னிரண்டு ஆண்டுகளாக நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை அது சொன்னது பலித்திருந்தது. சிபாரிசுக் கடிதங்களுக்கு இனி வேலையில்லை என்று ஆரம்பத்தில் அமலோற்பவமும் மகிழ்ந்தவர்தான்.

மதியத்துக்குள் செய்தி வகுப்புக்குப் போய்விட்டது. அமலோற்பவம் உள்ளே நுழைந்ததும் முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். முப்பத்துநான்கு வயது. ஐஸ் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவள்.

“நான் தேறமாட்டேன்னு அந்தப் பொட்டிக்கு எப்படி மேடம் தெரியும்?”

பயிற்றுநர் காதர் மைதீன் முந்திக்கொண்டு பதில் சொன்னார். “பஸ்ஸ நிறுத்திருவாங்க. லேபைப் பூட்டிருவாங்க. நீ வராம நின்னுருவ. அப்புறம் பாத்தியா, நான் சொன்னது சரின்னு அது சொல்லும். இதுல தெரியதுக்கு என்னம்மா இருக்கு?”

கோபத்தில் சொன்ன வார்த்தை அது. ஆனால் அமலோற்பவம் அன்று முழுக்கப் பழைய பதிவுகளைப் புரட்டினார். ஒதுக்கீடு நின்ற நாற்பது வகுப்புகளில் ஒன்றுகூடத் தேறியிருக்கவில்லை. ஒதுக்கீடு இல்லாமல் எந்த வகுப்பையும் யாரும் நடத்திப் பார்த்ததும் இல்லை.

மறுநாள் காதரை அழைத்தார். “சார், சம்பளம் இல்லாம அஞ்சு மாசம் உங்களால முடியுமா?”

“வீட்ல திட்டுவாங்க மேடம்,” என்றார் காதர். பிறகு, “லேப் சாவி எங்கிட்டதான் இருக்கு,” என்றார்.

ஒரு மருத்துவமனை கழித்துப்போட்டிருந்த டயாலிசிஸ் எந்திரத்தைக் காதர் மூன்று வாரம் பிரித்து மாட்டி ஓடவைத்தார். ஐஸ் கம்பெனி வேன் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாணவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. வகுப்பே மீன் வாடை அடித்தது. கணிப்பி அசைந்து கொடுக்கவில்லை. முத்துப்பேச்சியின் பஸ் பயணம் நின்றதால் அவளுடைய விழுக்காடு பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. அவள் வேனில் வருவது அதற்குத் தெரியாது.

செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொருவராக அழைத்தார். முத்துப்பேச்சியின் முறை வந்தது. எந்திரத்திலிருந்து பொம்மை நோயாளிக்கு ரத்தம் திரும்பும் குழாயில் அவர் வேண்டுமென்றே காற்றுக்குமிழி ஒன்றை அனுப்பினார். அலாரம் அலறியது. அவள் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. கதவோரம் நின்ற காதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பம்பை நிறுத்தினாள். ரத்தம் திரும்பும் குழாயைக் கவ்வியால் இறுக்கினாள். பொம்மையை இடப்பக்கம் சாய்த்து, தலையைத் தாழ்த்தினாள். “டாக்டரக் கூப்பிடுங்க,” என்று தேர்வாளரைப் பார்த்தே சத்தம் போட்டாள். அவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார்.

நான்கு பேர் தேறுவார்கள் என்று கணிப்பி சொல்லியிருந்தது. இருபத்தொன்பது பேர் தேறினார்கள்.

அமலோற்பவம் சான்றிதழ்களைக் கட்டி எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனார். நிதித்துறைத் துணைச்செயலாளர் நிரஞ்சனா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மோசமான மனுஷி இல்லை. அவர் முகத்தில் உண்மையான வியப்பு இருந்தது.

“கணிப்பி தப்பு பண்ணியிருக்கு. ஒத்துக்கறேன்,” என்றார்.

“அப்போ திருத்துங்க மேடம்.”

“நான் திருத்த முடியாது. அது தானாத்தான் திருத்திக்கும். நடந்ததை நீங்க அப்படியே பதிவு பண்ணினாப் போதும். யார் சொல்லிக் கொடுத்தாங்க, எத்தனை மாசம், எவ்வளவு செலவு, எல்லாமே.”

அமலோற்பவம் ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்தார். சம்பளம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு, மாநிலத்தின் நூற்று எண்பத்திரண்டு சமுதாயக் கல்லூரிகளுக்கும் பூஜ்யம் வந்தது.

கீழே காரணம் இருந்தது: ‘ஒதுக்கீடு இன்றியும் தேர்ச்சி நிகழ்கிறது. ஆசிரியர்கள் ஊதியமின்றித் தொடர்வதற்கான வாய்ப்பு 96 விழுக்காடு.’

போன் அடித்தபடி இருந்தது. எல்லாம் மற்ற முதல்வர்கள். அமலோற்பவம் எதையும் எடுக்காமல் நிரஞ்சனாவை அழைத்தார்.

“இது என்ன அநியாயம் மேடம்?”

“நீங்க எல்லாரும் சம்பளமில்லாம பாடம் நடத்தினாத்தான் அது சொன்னது சரியாகும். நடத்தாம நின்னுட்டீங்கன்னா, மூணு நாலு வாரத்துல தானா மாத்திக்கும்.”

“அதுக்குள்ள பிள்ளைங்க படிப்ப விட்டுட்டுப் போயிருவாங்களே.”

“ஆமா,” என்றார் நிரஞ்சனா.

அமலோற்பவம் எல்லா முதல்வர்களுக்கும் ஒரே வரியை அனுப்பினார்: ‘இன்று முதல் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.’ நூற்று எழுபது பேர் உடனே சம்மதித்தார்கள். பிறகு தன் மாணவர்களிடம் நேரில் சொல்வதற்காக நடந்தார். காதர் பின்னாலேயே வந்தார்.

புது அணியில் நாற்பது பேர். அவர்கள் எழுந்து நின்றார்கள். அமலோற்பவம் பேச வாயெடுத்தார். அதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். “மேடம், எங்க அப்பாவுக்கு நேத்து ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் நடக்கும்போது திடீர்னு பிரஷர் இறங்கிப்போச்சு. அங்க யாருக்கும் என்ன செய்யன்னு தெரியல. முதல்ல என்ன செய்யணும்?”

அமலோற்பவம் காதரைப் பார்த்தார். காதர் தரையைப் பார்த்தார்.

“முதல்ல காலைத் தூக்கி வைக்கணும்மா,” என்றார் அமலோற்பவம். “உக்காருங்க எல்லாரும். சொல்லுதேன்.”

காலியாக இருந்த அலுவலக அறையில், அன்றைய வருகைப்பதிவு ஏறியதும் திரையில் 96 என்றிருந்த எண் 97 ஆனது.