எண்பத்தாறு கிலோ அப்பா

"உன் எடை எவ்வளவு தம்பி?"

கேட்டவர் சக்கரக்கார அக்கா. மலை சைக்கிளுக்குச் சக்கரம் கோப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடை அலமாரிக்குள் தலையை விட்டு, கார்பன் ரிம்களைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"எழுபது," என்றான் அண்ணன்.

பக்கத்தில் நின்ற தங்கை வாலு திடுக்கிட்டாள். எழுபதாவது, கிழுபதாவது! போன வாரம்தான் வீட்டு எடை மெஷின் எண்பத்தாறு காட்டியது. சைக்கிள் குழுவில் அண்ணனை 'பீப்பாய்' என்று கூப்பிடுகிறார்கள். அதிலிருந்து கொளுத்தும் வெயிலிலும் தொளதொள ஜாக்கெட்டோடுதான் திரிகிறான், பாவம்.

அக்கா ஒரு கறுப்பு ரிம்மை எடுத்தார். "இது பஞ்சு மாதிரி இருக்கும். ஆனா எழுபத்தஞ்சு கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல இருக்கிறவங்க பாறையில குதிச்சா படக்குன்னு விட்டுரும். கார்பன் வளைஞ்சு கொடுக்காது, உடையும்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு மலை சைக்கிள் போட்டி. வழியெல்லாம் பாறை. சக்கரம் உடைந்தால் அண்ணன் தலைகுப்புற விழுவானே!

அவள் அண்ணனைப் பார்த்தாள். 'வாயைத் திறந்தே, தொலைஞ்சே' என்பதுபோல அவன் கண்ணை உருட்டினான்.

அக்கா ஸ்போக்ஸ் கம்பிகளைக் கோக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பி ஏறும்போதும் வாலுவின் நெஞ்சு திக்திக்கென்றது. சொன்னால் அண்ணன் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணனே... ஐயோ, வேண்டவே வேண்டாம்!

"அக்கா! இந்த சைக்கிளை எங்க அப்பாவும் ஓட்டுவாரு!"

"அப்பாவா? அவர் எவ்வளவு இருப்பார்?"

"எண்பத்தாறு!"

அண்ணனுக்குப் புரையேறியது.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னியே." அக்கா கோத்ததையெல்லாம் கழற்றினார். "அப்போ கெட்டியான ரிம்தான் சரி. கம்பியும் கூடுதலாப் போடணும்."

மறுபடி முதலிலிருந்து வேலை. சக்கரம் உருவாகி நின்றபோதுதான் வாலு மூச்சு விட்டாள். அந்த மூச்சும் பாதியில் நின்றது. வாசலில் அப்பா!

அப்பா ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டினதுபோல இருப்பார். பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொள்வார்.

"முடிஞ்சுதா பிள்ளைங்களா? போகலாமா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் இவங்க அப்பாவா? எண்பத்தாறு கிலோ?"

"நானா?" அப்பா திருதிருவென விழித்தார். "பாக்கெட் நிறையக் கல்லைப் போட்டாக்கூட அறுபதைத் தாண்ட மாட்டேனே!"

அக்கா வாலு பக்கம் திரும்பினார். முகம் சுண்டிப்போயிருந்தது. "ஏம்மா, கோத்ததை எல்லாம் கழட்ட வெச்சியே. உனக்கு விளையாட்டா இருக்கா?"

வாலுவுக்கு அழுகை முட்டியது. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவளைத் திட்டாதீங்க அக்கா."

அண்ணன் முன்னால் வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. "அந்த எண்பத்தாறு நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானே?" என்றார் அக்கா. "முதல்லயே சொல்றதுக்கென்ன? பாறையில குதிக்கப்போறது நீதானே, பின்சக்கரத்துக் கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கணும். வா, வந்து பிடி."

அண்ணன் சக்கரத்தைப் பிடிக்கப் போனான். போகிற வழியில் வாலுவின் அருகே நின்று கையை ஓங்கினான். குட்டு விழப்போகிறது என்று அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

குட்டு விழவில்லை. தலையில் மெல்ல வந்து அமர்ந்த அந்தக் கை, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.