மிதிப்பது யார்

வண்டிக்குள் ஆள் இல்லை. நான்கு கதவுகளும் சாத்தியிருந்தன. அப்படியிருந்தும் அந்தப் பழைய கறுப்புக் காரின் பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்து, பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரின் பாசியைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தன.

"தூ" என்றான் இக்னேஷியஸ்.

விளக்கு அணைந்தது.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், வீட்டு வாசலிலேயே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துவந்தான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஒயரை எந்தப் பக்கம் சீவ வேண்டும் என்று தெரிந்த ஒரே மனிதன் தான்தான் என்பது அவன் முடிவு. முன்பு வேலை பார்த்த ஃபாக்டரியில் மேலதிகாரியைத் தற்குறி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேலையை விட்டவன். மற்ற எலக்ட்ரீஷியன்களைப் பற்றிப் பேசுவதையே மானக்கேடாக நினைத்தான்.

காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்ட வேப்பம்பட்டு கோதண்டமும் அவன் கண்ணுக்கு ஒரு முட்டாள்தான்.

"நாலு பேரு பாத்துட்டாங்க அண்ணாத்தே. சுச்சு மாத்தியாச்சு, ஒயரு மாத்தியாச்சு. சும்மா நிக்கும்போதே எரியுது. யாரோ உள்ள குந்திகினு மெதிக்கிற மாதிரி கீது."

"யாரு, உன் சம்பந்தியா?"

கோதண்டம் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெயம பொண்ணுக்குக் கல்யாணம். ஊட்டுப் பொம்பளைங்க இதுல ஏறவே மாட்டேன்றாங்க. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"பேய்க்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கறதில்லப்பா. சாய்ங்காலம் வந்து எட்த்துகினு போ."

இப்போது மணி ஆறாகப் போகிறது. நவம்பர் மழையில் கோதண்டம் வரவில்லை. நாலு மணிக்குப் போன கரண்டும் வரவில்லை. கூரைமேல் மழை இடைவிடாமல் கொட்ட, ஷெட்டுக்குத் திரும்பும் காலி ரயில் தூரத்தில் நீளமாக ஊத, வண்டிக்குள்ளிருந்து பழைய ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்த நாற்றத்தோடு, நாள்கணக்காகக் காயாமல் பெட்டிக்குள் கிடந்த ஈரத்துணியின் வாடையும் மெல்ல மெல்ல வெளியே பரவிக்கொண்டிருந்தது.

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டெஸ்ட் லாம்ப்பை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தான். ஃபியூஸ் சரி. பெடலுக்கு மேலிருந்த சுவிட்ச் சரி. ஒயரில் அறுந்த இடமில்லை, உருகிய இடமில்லை. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பழுதில்லாத வண்டி நேருக்கு நேராக அவனை அவமதிப்பதுபோல் இருந்தது.

எழுந்து பின்னால் போய் நின்றான். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் உள்ளே மிதிக்க, ஒருவர் வெளியே நின்று விளக்கைப் பார்க்க. கோதண்டத்தின் பயந்த முகம் நினைவுக்கு வந்தது. அதைக் கேலி செய்யும் விதமாக, காலி வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மெதி!"

விளக்கு எரிந்தது.

"விடு!"

அணைந்தது.

சிரித்தான். எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன், தற்செயலாகச் சேர்ந்துகொண்டது. "மெதி!" எரிந்தது. "விடு!" அணைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே எரிந்து அணைந்தது.

வண்டிக்கு எதிரே, வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அவன் மனைவி செலின் கத்தினாள். "இன்னாங்க, மழைல யாரு வந்துகீறாங்க? முன் சீட்ல குந்திகினு கீறாரே, அவருக்கும் டீ வெக்கவா?"

"உன் கண்ணுல இன்னா பொறையா? போய் வேலயப் பாரு!"

சொல்லிவிட்டுப் பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். சீட்டின் முதுகு. ஸ்டியரிங்கின் மேல் வளைவு. வேறொன்றுமில்லை. தேவைக்கு மேல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு பானெட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, பேட்டரியையே தூக்கிச் சிமெண்டுத் தரையில் வைத்தான்.

"இப்ப எரி, பாக்கலாம்."

பின்னால் வந்தான். இந்த முறை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டான். மழை குறைந்திருந்தது. ஈரத்துணி வாடை இப்போது அவன் சட்டையிலேயே அடித்தது.

சுவர் சிவந்தது.

பேட்டரி தரையில். ஒயர்கள் காற்றில். சுவர் சிவப்பு.

ஓடிப்போய் டிரைவர் கதவைத் திறந்தான். பிரேக் பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது. அதை மேலே இழுக்கக் கையை விட்டான். கையில் பட்டது இரும்பு இல்லை. தோல். சில்லென்ற, ஊறிப்போன தோல். கால்விரல்கள் இருந்தன. அவை அசைந்தன.

கையை உருவினான். ஈரத்தில் கால் வழுக்கியது. சீட்டின்மேல் சாய்ந்து விழுந்தான். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது பெடலின்மேல் அவன் கால்தான் இருந்தது.

"விடு!"

குரல் பின்னாலிருந்து வந்தது. அவனுடைய குரல்.

கால் தானாக மேலே வந்தது.

"மெதி!"

கால் இறங்கியது. அவன் இறக்கவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தான். அது அவன் கால்போலவே இல்லை.

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். சிவப்பு வெளிச்சத்தில், அவனுடைய காக்கிச் சட்டையில், அவனுடைய முகத்தோடு ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றான். உதட்டோரத்தில் அவனுடைய ஏளனம்.

குடை பிடித்துக்கொண்டு செலின் வந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

"வண்டில யாருங்க?"

"யாருமில்ல. ஒயர்ல லீக்கு. வா, போலாம்."

உள்ளே இக்னேஷியஸ் கத்தினான். சத்தம் வரவில்லை. கதவுக் கண்ணாடியில் அறைந்தான். இருவரும் ஒரே குடைக்குள் அவன் பக்கமாகவே நடந்தார்கள். செலின் திரும்பி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். காலி சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு குடையைப் பக்கத்திலிருந்தவன் மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

வாசற்படியில் மற்றவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"மெதி."

கால் இறங்கியது. சுவர் சிவந்தது. வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது.

விடு என்று யாரும் சொல்லவில்லை.