மாலை போட்ட பெருச்சாளி

"சார்... கொலை!"

ஸ்டேஷன் போனை எடுத்த இன்ஸ்பெக்டர் ஜெரோம், வாய்க்குள் போட்ட இட்லியை மெல்லுவதை நிறுத்தினார்.

"எங்கம்மா?"

"பீர்க்கன்கரணை ஏரியாண்ட சார்! என் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால! கொன்னுட்டு, பொணத்துக்கு மாலையெல்லாம் போட்டு வச்சிகீறான் சார்! சீக்கிரம் வா சார்!"

கொன்றுவிட்டு மாலையும் போட்டிருக்கிறானா?

ஜெரோம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவக்கூட இல்லை. சாம்பார் விரல்களோடு ஜீப்பில் பாய்ந்தார்.

ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. நடுவில் தலைவிரி கோலமாய் நின்றவள்தான் போன் செய்த ரத்தினபாய். மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள்.

"எங்க பாடி?"

"தோ சார்... துணி போட்டு மூடி வச்சிகீறேன்."

துணி சின்னதாக இருந்தது. குழந்தையோ? 'ஏசப்பா!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஜெரோம் குனிந்தார். துணியை மெல்ல விலக்கினார்.

விலக்கியவர்...

துள்ளி எழுந்தார்!

"எம்மா! இது பெருச்சாளி!"

"ஆமா சார். நான் மனுசன்னு எப்ப சொன்னேன்?"

நன்கு கொழுத்த பெருச்சாளி. தெற்கே தலை. நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு ரூபாய் நாணயம். பின்னங்கால் விரல்களைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தார்கள். வாயில் வாய்க்கரிசி. கழுத்தில் அருகம்புல் மாலை. பல மனிதர்களுக்கே கிடைக்காத மரியாதை!

"பெருச்சாளிக்கு எஃப்.ஐ.ஆர். போடச் சொல்றியா? பாதி இட்லியில எழுந்து வந்தேன்!"

"கத்தாத சார், கேளு!" ரத்தினபாயின் குரல் உடைந்தது. "இதே மாதிரி மாலை போட்ட பெருச்சாளி போன மாசம் காந்திமதி கொட்டாயாண்ட கெடந்துச்சு. கொஞ்ச நாள்ல அவ சினை மாடு கன்னு வீசிடிச்சி. கொறக் கன்னு சார், உசுரே இல்ல! அப்பால டெய்லர் வூட்டாண்ட கெடந்துச்சு. அவன் மாட்டுக்கும் அதே கதி. எங்கெல்லாம் இது கெடக்குதோ அங்கெல்லாம் மாடு போச்சு! இன்னிக்கு என் வூட்டாண்ட கெடக்குது. யாரோ செய்வினை வைக்கிறான் சார்!"

அவள் கை காட்டிய கொட்டாயில் ஒரு கறுப்பு மாடு வயிறு தொங்க நின்றுகொண்டிருந்தது.

"அதான் என் செல்லம். நெறமாசம். என் வூட்டுக்காரன் போனப்புறம் எனக்குக் கஞ்சி ஊத்துறதே அதுதான். அது கன்னு வீசிச்சுன்னா, நான் இந்த ஏரியில வுழ வேண்டியதுதான் சார்!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஜெரோமின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அழாதம்மா. உன் மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

போலீஸ்காரர் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. வந்துவிட்டது!

ஜெரோம் போன் செய்த பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் கால்நடை டாக்டர் வினிதா. கையுறை மாட்டிக்கொண்டு பெருச்சாளியைத் திருப்பிப் பார்த்தாள்.

"மண்டையில ஒரே அடி சார். எங்க ஆளுங்க அடிக்கிற மாதிரியே இருக்கு."

"உங்க ஆளுங்களா?"

"பெருச்சாளி ஒழிப்பு முகாம் நடத்திட்டிருக்கோம் சார். இந்தப் பக்கம் மாடுங்களுக்கு எலிக்காய்ச்சல். பெருச்சாளி ஒண்ணுக்கு வழியா பரவுற நோய். சினை மாட்டுக்கு வந்தா கன்னு தங்காது. அதனால பெருச்சாளியை ஒழிச்சா நோய் ஒழியும்னு ஆரம்பிச்சோம்."

"ஒழிஞ்சுதா?"

வினிதாவின் முகம் சுருங்கியது.

"அதான் சார் புரியல! பெருச்சாளி குறையக் குறைய நோய் ஏறுது! மேலிடத்துல என்னைக் காய்ச்சி எடுக்கறாங்க."

ரத்தினபாய் குறுக்கே புகுந்தாள்.

"இன்னொரு விசயம் சார். பெருச்சாளி கெடந்த அன்னிக்கே கொட்டாய் பூரா ஈரமா இருந்துச்சாம். யாரோ வந்து இன்னாமோ தெளிச்சிட்டுப் போயிருக்கான். காந்திமதிதான் சொன்னா."

ஜெரோம் விரலைச் சொடுக்கினார்!

"அப்போ ஆள் திரும்பி வருவான்! இங்க இன்னும் ஈரம் இல்ல. கூட்டத்தைக் கலைங்க. நாம பதுங்குவோம்!"

கொட்டாயை ஒட்டிய வைக்கோல் போருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், டாக்டர், ரத்தினபாய் மூவரும் பதுங்கினார்கள். ஜெரோம் இடுப்பில் துப்பாக்கி. பின்கழுத்தில் செல்லத்தின் நாக்கு. சாம்பார் வாசனை பிடித்துப்போய் அது அவரை நக்கு நக்கென்று நக்கியது.

"சார்... அசையாதீங்க."

"நான் எங்க டாக்டர் அசையறேன்? மாடுதான் அசைக்குது."

திடீரென்று...

காலடிச் சத்தம்!

ஒரு உருவம். மடித்துக் கட்டிய வேட்டி. நெற்றி நிறைய விபூதி. ஒரு கையில் பித்தளைச் சொம்பு, மறு கையில் மாவிலைக் கொத்து. உருவம் கொட்டாய் வாசலில் நின்றது. மாவிலையைச் சொம்புக்குள் விட்டது.

"ஹேண்ட்ஸ் அப்!"

ஜெரோம் வைக்கோலோடு பாய்ந்தார். உருவம் வீறிட்டது. சொம்பு பறந்தது. வெளியே சாக்கடையில் போய்த் 'தொபுக்' என்று விழுந்தது.

"முனிரத்தினம்!" என்று அலறினாள் வினிதா. "சார், இவர் எங்க முகாமோட தலைமை எலிபிடிக்கிறவர்!"

"கொன்னதும் நீதானா? மாலை போட்டதும் நீதானா?" ஜெரோம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

முனிரத்தினம் தேம்பினான்.

"ரெண்டும் நான்தான் சார்! சர்க்கார் சொல்லிச்சு, அடிச்சேன். ஆனா அது யாரு வண்டி சார்? பிள்ளையாரு வண்டி! அவரு வண்டிய நான் தெனம் அடிச்சு நொறுக்கிகினு கீறேன். மனசு கேக்குமா? பெருசா, லட்சணமா மாட்டுறதுக்கு மட்டுமாவது காரியம் பண்ணி அனுப்பிடறேன். அந்தக் கொட்டாய்க்குத் தோஷம் புடிக்கக் கூடாதுன்னு கோமியம் தெளிக்கிறேன். தண்ணித் தொட்டியில ரெண்டு சொட்டு. அவ்ளோதான் சார். நல்லதுதானே பண்றேன்?"

"இந்தக் கொட்டாய்ல தெளிச்சியா?"

"எங்க சார்? அதுக்குள்ள நீங்க மேல வுழுந்துட்டீங்க!"

ரத்தினபாய் பதறினாள்.

"அப்போ என் செல்லத்துக்குத் தோஷம் கழியலியா?"

அதற்குள் ஜெரோம் முனிரத்தினத்தை ஜீப்பை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் ரத்தினபாயின் செல்போனையும் பிடுங்கிக்கொண்டார். பெருச்சாளியை அவள் போட்டோ எடுத்திருந்தாளாம், சாட்சியமாம்!

ஜீப் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் வினிதா பின்பக்கம் திரும்பினாள்.

"முனிரத்தினம், அந்தக் கோமியம் யார் மாட்டோடது?"

அழுதுகொண்டிருந்தவன் முகத்தில் பக்தி வழிந்தது.

"நம்ம ரவி அண்ணனோட மகாலட்சுமி, டாக்டரம்மா! தாம்பரத்துலேர்ந்து கூடுவாஞ்சேரி வரிக்கும் எந்தப் புது வூட்டுக்கும் கிரகப்பிரவேசத்துக்கு அதான் மொதல்ல காலெடுத்து வைக்கும். லிஃப்ட்ல ஏறும், பயப்படாது. ரவி அண்ணன் கைய ஒசத்துனா போதும்... டாண்ணு ஒண்ணுக்கு வுடும்! அவ்ளோ ராசி! நான் எப்பவும் அதுகிட்டதான் வாங்குவேன்."

"கடவுளே!"

வினிதாவின் முகம் வெளுத்தது.

"என்ன டாக்டர்?"

"சார், சில மாட்டுக்குள்ள இந்த நோய் சத்தமில்லாம உக்காந்திருக்கும். மாடு பளபளன்னு இருக்கும், காய்ச்சல் கூட வராது. ஆனா கிருமி பூரா ஒண்ணுக்குல போயிட்டே இருக்கும். டெஸ்ட் பண்ணித்தான் உறுதியா சொல்ல முடியும். ஆனா இவர் தெளிச்ச கொட்டாயிலதான் ஒவ்வொரு மாடும் கன்னு வீசியிருக்கு!"

ஜெரோமுக்கு உறைத்தது.

"அதாவது... நீங்க நோயை ஒழிக்கப் பெருச்சாளியைக் கொல்றீங்க. கொன்ன பாவத்தை ஒழிக்க இவன் நோயைத் தெளிக்கிறான்!"

"ஆமா சார்! எங்க முகாம் போற இடமெல்லாம் நாங்களே நோயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கோம்!"

"பிள்ளையாரப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் முனிரத்தினம்.

"அவரை எதுக்குடா இழுக்கற? அவர் வண்டியையும் உடைச்சுட்டு!" ஜெரோம் டிரைவரின் தோளைத் தட்டினார். "மகாலட்சுமி இப்ப எங்கடா?"

"பெருங்களத்தூர்ல சார். புது அபார்ட்மெண்ட்டு. ஒம்பதாவது மாடி."

ஒன்பதாவது மாடி. வாழைமரம், மாக்கோலம், ஹோமப் புகை. வாசலில் நின்ற பெரியவர் தோத்தாத்ரி, போலீஸைப் பார்த்ததும் பூணூலைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... பில்டர் மேல நான் குடுத்த கம்ப்ளைண்ட்டுக்கா வந்தேள்? அது போன வருஷம் குடுத்தது!"

"மாடு எங்க?"

"மாடா? மாட்டுக்கு எதுக்கு சார் போலீஸ்?"

"கொலைக் கேஸ்!"

தோத்தாத்ரி சுவரில் சாய்ந்தார். அவர் மனைவி நாகலக்ஷ்மி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாடு இப்பதான் கீழ போயிடுத்து. ரவிக்கு அவசரமா ஒரு போன் வந்தது. பீர்க்கன்கரணையிலேருந்து யாரோ ஒரு பொம்மனாட்டி. அவாத்துல ஏதோ தோஷமாம். கழிக்கறது பாதியில நின்னுபோச்சாம். கோமியம்னா இந்தப் பக்கம் எல்லாரும் ரவியைத்தானே கூப்பிடுவா. 'சொம்புல எல்லாம் வேண்டாம், மாட்டையே ஓட்டிண்டு வா'ன்னு ஒரே அழுகை. பாவம், பக்கத்தாத்து போன்லேருந்து பேசறா. அவ போனை எவனோ போலீஸ்காரன் பிடுங்கிண்டு போயிட்டானாம்!"

ஜெரோமின் சட்டைப் பையில் ரத்தினபாயின் செல்போன் கனத்தது.

வினிதா அவரை முறைத்துவிட்டுத் தோத்தாத்ரி பக்கம் திரும்பினாள்.

"சார்... ரவி நம்பர்?"

தோத்தாத்ரி தன் போனில் அடித்தார். ஸ்விட்ச்டு ஆஃப்!

லிஃப்டும் வரவில்லை. படிகளில் விழுந்தடித்து இறங்கினார்கள்.

பெருங்களத்தூர் சிக்னலில் ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் நின்றிருந்தது. சைரனுக்கு எவனும் வழி விடவில்லை. சைரனைக் கேட்டு இன்னும் நெருக்கமாக வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஜெரோம் குதித்தார். ரோட்டில் நின்று கையை வீசினார். கத்தினார். ஒரு பஸ் டிரைவரை அடிக்கவே போய்விட்டார்.

"நவுருங்கய்யா! ஒரு உயிரு போகப் போகுது!"

"யாருக்கு சார் சீரியஸ்?"

"செல்லத்துக்கு!"

"அடப்பாவமே... சம்சாரமா சார்?" என்று டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார்.

ஜீப் பறந்தது!

ஏரிக்கரை. கொட்டாய் வாசலில் ரவியின் வண்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஊதுவத்தி வாசனை.

ஜெரோம் பாய்ந்து நுழைந்தார்.

செல்லத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பட்டுத்துணி போர்த்தி, சாட்சாத் மகாலட்சுமி! பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரவி. கைகூப்பியபடி ரத்தினபாய். செல்லம் தொட்டிக்குள் வாயை விடக் காத்திருந்தது.

ரவி கையை உயர்த்தினான்.

"நிறுத்துடா!"

அந்தச் சத்தம் ரவிக்குக் கேட்டது. கையை இறக்கிவிட்டான். மகாலட்சுமிக்கு இறக்கத் தெரியாது. அதன் வால் உயர்ந்துவிட்டது!

"சார்ர்ர்!" வினிதா கதறினாள்.

வாளி இல்லை. சொம்பு இல்லை. ஜெரோம் ஒரு கணம்தான் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். சாணியில் சறுக்கிக்கொண்டே போய், வாலுக்கடியில் நீட்டினார்.

சர்ர்ர்...!

ஒரு துளி தரையில் விழவில்லை!

"புடிச்சுட்டேன் டாக்டர்!"

வினிதா மகாலட்சுமியின் கயிற்றைப் பறித்து வெளியே இழுத்துப் போனாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லம் தப்பியது!

தப்பியதா?

"அடப்பாவி மனுசா!" ரத்தினபாய் பத்ரகாளியாகப் பாய்ந்தாள். "என் செல்லத்துக்கு வர வேண்டியத நீ ஏன்யா புடிச்ச? குடு இப்டி! நானே தெளிச்சுக்கறேன்!"

"எம்மா, இதுல நோய் இருக்கு!"

"நோயா? மகாலட்சுமிகிட்டயா? வாய் வெந்துடும் சார்! குடு!"

இரண்டு கைகளாலும் தொப்பியைப் பற்றினாள். தினமும் பால் கறக்கிற கை. இரும்புப் பிடி! ஜெரோம் இழுத்தார். அவள் இழுத்தாள். தொப்பி தொட்டியின் பக்கம் நகர்ந்தது... மேலும் நகர்ந்தது... ஓரத்தில் தளும்பியது...

வெளியே ஊற்ற வழியில்லை. கீழே போட்டால் செல்லம் நிற்கிற தரையெல்லாம் நனையும். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் நேரே தொட்டி!

'உன் மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொன்ன அந்தப் பாழாய்ப்போன வாயை ஜெரோம் மனசுக்குள் திட்டிக்கொண்டார். உதட்டை இறுக்க மூடினார். கண்ணையும் மூடினார்.

வெடுக்கென்று தொப்பியைப் பிடுங்கி...

தலையில் கவிழ்த்துக்கொண்டார்!

நெற்றி, மூக்கு, மீசை, காக்கிச் சட்டை எல்லாவற்றிலும் மகாலட்சுமி கடாட்சம். ஜெரோம் கைகளை அகல விரித்தபடி, ஒரு சொட்டு கொட்டாயில் சிந்தாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தே வெளியே ரோட்டுக்குப் போனார்.

"போச்சே! எல்லாம் போச்சே!" என்று ரத்தினபாய் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். உள்ளே செல்லம் நிம்மதியாகத் தொட்டியில் வாயை வைத்து, சுத்தமான தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது.

ரோட்டோரத்தில் வினிதா மகாலட்சுமிக்கு ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட வந்து நின்ற ஜெரோமைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"சார்... உங்களுக்கு..."

ஜெரோம் கண்ணைத் திறக்கவில்லை.

"மகாலட்சுமிக்குப் போட்டது போக மருந்து மீதி இருந்தா எனக்கும் ஒண்ணு குத்திடுங்க டாக்டர். நாளைக்கு ஸ்டேஷன்ல நான் கன்னு வீசினா... டிபார்ட்மெண்ட்டுக்கே அசிங்கம்!"