மரணத்தை அறிவித்தவர்

திங்கட்கிழமை காலை நிலாணி அலுவலகக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. டொரோண்டோவை ஒட்டிய மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மேல்மாடி அது. கீழே பேக்கரியிலிருந்து ரோல்ஸ் பொரிக்கும் வாசனை ஏறி வந்தது. வெளியே கொட்டிய பனியில் ஜன்னல்கள் வெளிறிப்போயிருந்தன. சுவருக்குள் எங்கோ ஹீட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய நிறுவனம் முதியோர் இல்லங்களுக்கு மென்பொருள் செய்தது; அது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. ஒருவரைச் சேர்ப்பது, மருந்து குறிப்பது, இறந்தால் பதிவது எல்லாம் அதில்தான். வாராவாரம் திரையின் முகம் மாறும். ஒரு பொத்தான் இடம் பெயரும், இன்னொன்றின் பெயர் மாறும். முன்பெல்லாம் அதோடு, படிவங்களைத் தானாக நிரப்பிப் பார்க்கும் சோதனை நின்றுவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்கிறது. தேடியதைக் காணவில்லை என்றால் அது சோர்ந்துபோவதில்லை. பக்கத்தில் முன்பு என்ன இருந்தது, எது அதைப்போல இருக்கிறது என்று பார்த்து, மிக நெருங்கியதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். அந்தக் கெட்டித்தனத்தில் நிலாணிக்குக் கொள்ளை ஆசை.

சோதனை தேறி முடிவு பச்சையாக வந்தால் உள்ளே நடந்ததை யாரும் பார்ப்பதில்லை. அன்று ஒன்று சிவப்பாகியிருந்தது. திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். சுட்டி தானாக நகர்ந்தது. மரணப் பதிவின் கட்டங்கள் நிரம்பின.

இறந்தவர்: ஜதுர்சன்.

மரணத்தை அறிவித்தவர்: நிலாணி. உறவு: அக்கா.

அவளுடைய தம்பி. 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகல் களப்போரம் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். இறங்கியதை ஒருவரும் காணவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டும் அம்மா வைக்கவில்லை. நீயும் அவனைச் செத்தவன் என்று எழுதிவிடாதே என்று நிலாணியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டொரோண்டோவில் இது தெரிந்தவர் ஒரேயொருவர், குழுத்தலைவர் சசிகரன். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த அவரை போனில் பிடித்தாள்.

“சசி அண்ணை, தம்பியின்ரை பேரை ஏன் போட்டனீங்கள்?”



“உதுக்கே உப்பிடிப் பதறுறீர்? டெஸ்ட் டேட்டா தானே. ஒரு உண்மையான குடும்பம் மாதிரி இருக்கட்டும் எண்டு போட்டனான். மெஷினுக்குத் தெரியுமே ஆர் ஆரெண்டு?”

“எத்தினை தரம் ஓடினது?”

“நாளுக்கு நானூறு. ஒரு மூண்டு மாசமா.”

“உங்களை நம்பித்தானே சொன்னனான்.”

“சரி, பிழைதான். அழிச்சுவிடும். நாளைக்கு வந்து கோப்பி வாங்கித் தாறன்.”

நாளுக்கு நானூறு முறை அவனைச் செத்தவன் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் அவள் பெயரில்.

அவள் டெஸ்ட் டேட்டாவில் தம்பியின் பெயரை அழித்தாள். தன் பெயரை அழிப்பதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிட்டது.

ஹீட்டர் நின்றது.

ரோல்ஸ் வாசனை இல்லை. சேறும் உப்பும் கலந்த, களப்பு நீரின் வாடை.

சுட்டி முதல் கட்டத்தில் தயங்கி நின்றது. தேடிய பெயர் அங்கே இல்லை. மிக நெருங்கியதை எடுத்தது.

இறந்தவர்: நிலாணி.

அவளுக்கு அது விளங்கியது. அது வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

சுட்டி கீழே இறங்கியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, யாரோ ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவதுபோல.

மரணத்தை அறிவித்தவர்: செல்லன்.

வீட்டுக்குள் மட்டும் தம்பியைக் கூப்பிட்ட பெயர். அதை அவள் சசிகரனுக்குச் சொன்னதே இல்லை.

“செல்லன்?” என்றாள், மெல்ல.

கடைசிக் கட்டம் வெகுநேரம் வெறுமையாக இருந்தது. பிறகு நிரம்பியது.

உறவு: இனி இல்லை.