பள்ளிக்கூட வாசலில் ஒரு வலை

காலையில் அப்பா பால் காய்ச்சுவார். மூன்று டம்ளர் எடுப்பார். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பார். தோசை சுடுவார். அது எப்போதும் ஒரு பக்கம் கருகியிருக்கும். மகிழினி கருகிய பக்கத்தை உள்ளே மடித்துச் சாப்பிடுவாள்.

அடுத்து தலை வாருவார். ஒரு பின்னல் காதுக்கு மேலே தொங்கும், இன்னொன்று காதுக்குக் கீழே. மகிழினி கண்ணாடியைப் பார்ப்பாள். வகுப்பில் அவள் தோழி ஷாலு இரண்டையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள்.

பிறகு ஷூ, பை, டிபன். அப்பா கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். பைக்கில் ஏறுவார்கள். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் காலையில் அதிகம் பேச்சு இல்லை.

பள்ளிக்கூடம் திருவொற்றியூர் கடலோரச் சாலையில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். கேட்டுக்கும் லாரிகளுக்கும் நடுவே ஒரு நடைபாதை உண்டு. நடந்து வரும் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வழி.

ஆனால் காலையில் அதில் பைக்குகள்தான் நிற்கும். தங்கள் பிள்ளையைக் கேட்டை ஒட்டியே இறக்கிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் வண்டியை ஏற்றிவிடுவார்கள். ஒரு கார்கூட இரண்டு சக்கரத்தை மேலே ஏற்றி நிற்கும்.

கேட்டைத் திறந்து மூடும் பச்சையம்மா தினமும் சொல்லுவார். "வண்டிய எறக்கு நைனா. புள்ளைங்க நடக்க வாணாமா?"

"ஒரே நிமிஷம்க்கா."

"நூறு பேரு ஆளுக்கு ஒரு நிமிஷம் நின்னா, எனக்கு மத்தியானம் ஆயிடுது."

யாரும் கேட்பதில்லை. மகிழினியின் அப்பாவும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

அப்பா வழக்கம்போல் பைக்கை நடைபாதையில் ஏற்றினார். எதிரே ஒன்றாம் வகுப்பு சாவியோ தனியாக நடந்து வந்துகொண்டிருந்தான். பைக்குக்கு வழி விட்டு அவன் சாலையில் இறங்கினான். ஒரு லாரி ஹாரன் அடித்தது. சாவியோ துள்ளி மேலே ஏறினான். அவன் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. லாரியின் பின்சக்கரம் அதன் மேல் ஏறிப் போனது.

நீல நிற பாட்டில். தோசை மாதிரி தட்டையாகிவிட்டது.

அப்பா இதைப் பார்க்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். மகிழினி பார்த்தாள். பாட்டில் இருந்த இடத்துக்கும் சாவியோவின் கால் இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு ஸ்கேல் தூரம்கூட இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, நாளைக்கு என்னைக் கொஞ்சம் தள்ளியே எறக்கி விடறியா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"ரோடு முழுக்க லாரிடா கண்ணு. கேட்டுகிட்ட எறக்கினாதான் எனக்கு நிம்மதி. உனக்கு ஏதாவது ஒண்ணு..."

அப்பா சட்டையை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

மகிழினி அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவால்தான் சாவியோ கீழே இறங்கினான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பா பயந்துவிடுவார். அம்மா போனபோது பல நாள் பேசாமல் இருந்தாரே, அப்படி ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால் சாவியோ நாளைக்கும் அதே வழியில்தான் வருவான்.

மறுநாள் காலை பைக்கில் போகும்போது மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் ஒரு மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பைக்கை வளைத்து அதைச் சுற்றிக்கொண்டு போனார். மகிழினி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த ஆட்டோவும் வளைந்து போனது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்த ஒரு காரும் வளைந்தது.

அந்த ஊரில் யாரும் வலையின் மேல் வண்டி ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் குப்பமே வந்து நிற்கும்.

மதியம் ஷாலு பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகிழினி கேட்டாள். "உங்க நைனா ஒரு வலை குடுப்பாரா?"

"இன்னாத்துக்கு?"

மகிழினி சொன்னாள். ஷாலு பின்னுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் ஷாலுவின் அப்பா கோதண்டம் படகு நிழலில் உட்கார்ந்து, வலையின் கிழிசலை ஊசியால் முடிந்துகொண்டிருந்தார்.

"இஸ்கூலுக்கு வலையா? டீச்சரைப் புடிக்கவா?"

"இல்ல மாமா. பைக்கை."

கோதண்டம் சிரித்தார். மகிழினி சாவியோவின் பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஊசியைக் கீழே வைத்தார்.

"யாரு வண்டிம்மா அது?"

மகிழினி தரையைப் பார்த்தாள். "எங்க அப்பா வண்டி."

கோதண்டம் படகுக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு பழைய வலை கீது. காத்தால நானே கொண்டாந்து போடறேன். ஆனா நாளைக்கு ஒரு நாள்தான். அப்பால எனக்கு வோணும்."

வியாழக்கிழமை. மகிழினிக்குத் தோசை இறங்கவில்லை. அப்பா வலையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டால்? சக்கரம் சிக்கி அப்பா விழுந்துவிட்டால்? இதை ஏன் முன்னால் யோசிக்கவில்லை? பைக்கில் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, குளிருதா?"

"இல்லப்பா. மெதுவா போ."

பள்ளிக்கூடம் வந்தது. சுவரை ஒட்டி இரண்டு பேர் நடக்க இடம் விட்டு, நடைபாதை முழுக்கப் பச்சை வலை விரிந்து கிடந்தது. ஓரத்தில் கோதண்டம் கிழிசல் முடிந்துகொண்டிருந்தார். பைக்குகள் எல்லாம் தூரத்திலேயே வரிசையாக நின்றன.

காருக்குள் இருந்தவர் தலையை நீட்டினார். "என்னங்க இது, ஸ்கூலா குப்பமா?"

"ஏத்திப் பாரு நைனா," என்றார் பச்சையம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சுத்திக்கினா நீயே படுத்து எடுக்கணும். நல்ல சட்டை வேற போட்டுகினு வந்துகீற."

காரின் கண்ணாடி மூடிக்கொண்டது. கார் பின்னால் போனது.

அப்பா பிரேக் போட்டார். வண்டியை வரிசையின் கடைசியில் நிறுத்தினார். மகிழினி மூச்சு விட்டாள்.

இருவரும் சுவரோரமாக நடந்தார்கள். எதிரே சாவியோ வந்தான். இன்று அவன் சாலையில் இறங்கவில்லை. கையில் ஒரு பழைய சோடா பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

"அங்கிள், இன்னிக்கு உங்க வண்டி எங்க?" என்று கேட்டான்.

"அங்க நிக்குது. ஏன்டா?"

"அன்னிக்கு உங்க வண்டி மேல ஏறிச்சா, நான் கீழ எறங்கினேன். லாரி என் பாட்டில நசுக்கிடுச்சு. எங்கம்மா என்னைத்தான் திட்டினாங்க."

சொல்லிவிட்டு அவன் கேட்டுக்குள் ஓடிவிட்டான்.

அப்பா அப்படியே நின்றார். ஒரு லாரி நடைபாதையை உரசிக்கொண்டு போனது. அப்பா அதன் பின்சக்கரத்தையே பார்த்தார். அவருக்கு லாரிகளைத் தெரியும். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவர்தான் விசில் ஊதி லாரிகளுக்கு வழி காட்டுவார். சக்கரத்துக்குப் பக்கத்தில் அங்கே ஒரு ஆளை நிற்க விட மாட்டார்.

"நீ பாத்தியா?"

மகிழினி தலையாட்டினாள்.

"அதான் தள்ளி எறக்கச் சொன்னியா?"

"ம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

அப்பா குனிந்து, அவள் காதுக்கு மேலே தொங்கிய பின்னலைத் தொட்டார். கீழே இழுத்தால் சரியாகிவிடும் என்பதுபோல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு போய், நடைபாதையின் விளிம்பில் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார். கைகளை இரண்டு பக்கமும் விரித்தார். பிள்ளைகள் அவருக்கு உள்ளே நடந்தார்கள்.

"உனக்கு வேலைக்கு நேரமாவலயா நைனா?" என்றார் பச்சையம்மா.

"ஆவுது," என்றார் அப்பா. நகரவில்லை.

மணி அடித்தது. மகிழினி கேட்டுக்குள் போனாள். கோதண்டம் வலையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்ததும் அவள் திரும்பி ஓடிவந்து, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள்.

"அப்பா, நாளைக்கு வலை இருக்காது. நீ விசில எடுத்துகினு வா."