அப்பாடா என்றது பேய்

குண்டூசிக்கு வயிறு வலித்தது. பசி வலி இல்லை. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்திருந்தாள். இது சிரிப்பை அடக்கி அடக்கி வந்த வலி.

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை.

வகுப்பறை ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முழுப் படம் இல்லை, தொடக்கம் மட்டும். மூன்றே நிமிடம்.

அதை எடுத்தவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வகுப்பில் அவன்தான் நெடுநெடுவென்று வளர்ந்தவன். அதனால் எல்லோருக்கும் அவன் கம்பம். அவளோ குட்டை, ஒல்லி, வாய் மட்டும் கூர். அதனால் அவள் குண்டூசி.

படம் முதலில் நன்றாகத்தான் போனது. இருட்டு வீடு. குழாய் சொட்டும் சத்தம். டொக். டொக். கதவு தானாகத் திறந்தது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பிறகு பேய் வந்தது.

பேய் பூப்போட்ட போர்வை போர்த்தியிருந்தது. வீட்டில் வெள்ளைப் போர்வை கிடைக்கவில்லை போலும். போர்வைக்குக் கீழே பள்ளிக்கூடக் காலுறை தெரிந்தது. காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பேய் தட்டுத் தடுமாறி நடந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, அதைத் தடவிப் பார்த்து ஒருவழியாக உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் ஒரு கனத்த குரல் சொன்னது: "அப்பாடா!"

அவ்வளவுதான். குண்டூசியின் வாயிலிருந்து சிரிப்பு பீறிட்டது. அதுதான் முதல் சிரிப்பு. அடுத்த நொடி வகுப்பே வெடித்தது.

"பேய்க்கு மூட்டு வலிடா!"

"உக்காரு பேயே, குடிக்கத் தண்ணி வேணுமா?"

"கட்! கட்!" என்று கத்தினார் ஆசிரியர். படம் எடுக்கச் சொல்லித்தரும் அவர் எதற்கும் 'கட்' என்றுதான் சொல்வார். இரண்டு பேர் சண்டை போட்டாலும் கட், யாராவது கொட்டாவி விட்டாலும் கட். அவர் பெயரே கட் சார்.

விளக்கு எரிந்தது. கம்பம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் அதே காலுறைதான். கட்டைவிரலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.

"குண்டூசி, இந்தப் படத்துக்கு மதிப்பீடு செய்யப் போறது யாரு?" என்றார் கட் சார்.

அவளுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றது. "நான்தான் சார்."

ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் மார்க் போட வேண்டும். யார் எதற்கு என்று சீட்டுக் குலுக்கியிருந்தார்கள். ஒளி, ஒலி, கேமரா, பயம் என்று தாளில் நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து மார்க். மொத்தம் பன்னிரண்டு வந்தால், படம் சனிக்கிழமை பெற்றோர் முன்னால் திரையிடப்படும். வராவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி எடுத்து வரலாம். அன்று புதன்கிழமை.

இடைவேளையில் குண்டூசி படிக்கட்டில் உட்கார்ந்து தாளை நிரப்பினாள். ஒளிக்கு மூன்று. ஒலிக்கு நான்கு. கேமராவுக்கு மூன்று. பயம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, ஒன்று போட்டாள். கூட்டினால் பதினொன்று.

நிழல் விழுந்தது. கம்பம் வந்து நின்றான்.

"எவ்வளவு?"

"பதினொண்ணு."

"ஒண்ணே ஒண்ணு ஏத்திப் போடேன். உனக்கு என்ன கேடு?"

"எங்கடா ஏத்துறது? பயத்துலயா? நான் எங்க பயந்தேன்?"

"நீ பயப்படவே வேணாம். மார்க் மட்டும் போடு." அவன் குரல் இறங்கியது. "சனிக்கிழமை எங்கப்பா வர்றாரு."

கம்பத்தின் அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். லாரி வந்தால் இறக்கியே ஆக வேண்டும். சனி, ஞாயிறு என்று பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு அவர் இதுவரை வந்ததே இல்லை.

"மேஸ்திரிகிட்டக் கெஞ்சி லீவு வாங்கியிருக்காரு," என்றான் கம்பம். "அதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை ரெண்டு லாரி சேத்து இறக்கணுமாம். என் குரலு படத்துல வருதுன்னு கிடங்கு பூரா சொல்லி வச்சிருக்காரு."

குண்டூசிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "எந்தக் குரல்?"

"அதான், அப்பாடா."

வயிற்று வலி திரும்பவும் வந்தது. இந்த முறை சிரிப்பால் இல்லை.

"அது உங்கப்பாவா?"

"தினமும் வேலை முடிஞ்சு வந்து நாற்காலியில உக்காந்ததும் அப்படித்தான் சொல்வாரு. போன்ல பதிவு பண்ணினேன்."

குண்டூசி தாளைப் பார்த்தாள். ஒன்றை இரண்டாக மாற்ற ஒரு வளைவு போதும். மாற்றினால் சனிக்கிழமை படம் ஓடும். அவன் அப்பா வந்து உட்கார்ந்திருப்பார். பூப்போட்ட பேய் வரும். அவருடைய குரலைக் கேட்டு அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

"ஏத்த மாட்டேன்," என்றாள்.

"போடி!"

"கொஞ்சம் பொறுடா, நெட்டை. ஒண்ணு சொல்லு. பேய்க்கு எத்தனையோ சத்தம் இருக்கு. நீ ஏன் அதைப் போய் வச்சே?"

கம்பம் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். அப்படியும் அவன் தலைதான் உயரமாக இருந்தது.

"ஒரு நாள் கரன்ட் போச்சு. வீட்டுல நான் மட்டும்தான். கும்மிருட்டு. அப்பா வந்தது எனக்குத் தெரியல. அந்த நாற்காலி காலியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு அதுல இருந்து 'அப்பாடா'ன்னு ஒரு குரல். நான் அலறின அலறல்ல பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தோட ஓடி வந்துட்டாங்க."

குண்டூசி சிரிக்கவில்லை. அவள் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது.

"எனக்கே ஒரு மாதிரி இருக்குடா," என்றாள். "சரி, அன்னிக்கு நீ பேயைப் பார்த்தியா?"

"பேயே இல்லையே. அப்பாதானே?"

"அப்புறம் ஏன்டா படத்துல பேயைக் காட்டினே?"

"பேய்ப் படம்னா பேய் வேணாமா?"

குண்டூசி பேனாவை எடுத்தாள். தாளின் அடியில், 'திருத்த வேண்டியது' என்று போட்டிருந்த இடத்தில் பெரிதாக எழுதினாள்: பேயை எடுத்துவிடவும்.

மறுநாள் மாலை கம்பத்தின் வீட்டில் படப்பிடிப்பு. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாய், நடுவில் அந்த நாற்காலி. இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியது. தினமும் ஒரே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது.

"யாரும் உக்காராம ஒயர் மட்டும் அமுங்கணும்," என்றாள் குண்டூசி. "அடியில இருந்து நூல் கட்டி இழுக்கலாம்."

"யாரு இழுக்கறது?"

இருவரும் நாற்காலியின் அடியைப் பார்த்தார்கள். கம்பத்தின் ஒரு கால்கூட அங்கே நுழையாது.

"சரி, சரி. நானே படுத்துத் தொலைக்கிறேன்," என்றாள்.

தையல் நூல் பட்டென்று அறுந்தது. இரண்டாகத் திரித்துக் கட்டினார்கள், அதுவும் அறுந்தது. கடைசியில் மூட்டை தைக்கும் சணல் ஒரு துண்டு கிடைத்தது. அது தாங்கியது. ஆனால் குண்டூசி ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒயர் இடுக்கிலிருந்து தூசி மூக்கில் கொட்டியது.

"இழு… மெதுவா… இன்னும் மெதுவா…"

"ஹச்!"

"பேய் தும்மாதுடி!"

"உங்க வீட்டுப் பேய் எத்தனை மூட்டைத் தூசி கொண்டாந்திருக்கு தெரியுமா? நீ வந்து படுடா!"

ஏழு தடவை எடுத்தார்கள். எட்டாவது தடவை அவள் மூக்கைத் துணிக் கிளிப்பால் கவ்விக்கொண்டு படுத்தாள். அது சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை கட் சாரிடம் படத்தைக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, "அடியில இருந்து இழுத்தது யாரு?"

"நான் சார்."

"கூட வேலை பார்த்த ஆள் மார்க் போடக் கூடாது. கட்."

தாள் வேறு கைக்குப் போனது. அதுவும் யார் கைக்கு? கரும்பலகையைப் பார்த்தாலே சிரிக்கும் ஒருவன். வகுப்பில் அவன் பெயர் கிலுகிலுப்பை. கம்பத்துக்கு முகம் வெளுத்தது.

கிலுகிலுப்பை படம் தொடங்கும் முன்பே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். சார் அவனுக்கு மட்டும் கணினியில் போட்டுக் காட்டினார். மற்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. முதுகு முதலில் குலுங்கியது. பிறகு குலுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெஞ்சோடு ஒரு அடி பின்னால் வந்தது.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். ஒளி நான்கு, ஒலி ஐந்து, கேமரா மூன்று. பயம் என்ற கட்டத்தில் மார்க்கே இல்லை. எழுதப் போன பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போன கோடு மட்டும் இருந்தது.

"இது என்ன மார்க்?"

"தெரியல சார்," என்றான் கிலுகிலுப்பை. "நான் போடல. கை போட்டுச்சு."

கட் சார் அதை ஐந்து என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. கம்பத்தின் அப்பா ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். ஈரத்தலையைப் படிய வாரியிருந்தார். சோப்பு வாசனை நாலடி தூரம் வந்தது. முதல் நாள் இறக்கிய லாரிகள் அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தன; ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது.

இருட்டு வீடு. டொக். டொக். கதவு தானாகத் திறந்தது. யாரும் வரவில்லை. கேமரா மெதுவாக நாற்காலியிடம் போனது. காலி நாற்காலி. டொக்.

நாற்காலியின் ஒயர் மெல்ல, மெல்லக் கீழே அமுங்கியது.

"அப்பாடா…"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு முன்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ!" என்று பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தார். அவர் யாரோ. ஒரு தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அது உருண்டு ஓயும்வரை யாரும் குனியவில்லை.

படம் முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. கட் சார் இருட்டில் விளக்கு சுவிட்சைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார்.

கம்பம் ஓடிப்போய் அப்பாவிடம் நின்றான். "எப்படிப்பா?"

"என் குரலாடா அது?" என்றார் அவர். "எனக்கே கால் உதறுது. நான் தினமும் இப்படியா உங்களைப் பயமுறுத்துறேன்?"

குண்டூசி சுவரைத் தடவியபடி அவர்களிடம் வந்து சேர்ந்தாள். முதலில் சிரித்தது தான்தான் என்பது மூன்று நாளாகவே அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கம்பத்திடமும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள்.

"அப்பா, இவதான் பேயை எடுக்கச் சொன்னவ," என்றான் கம்பம்.

"நீதானாம்மா? நல்லா இரு."

அவர் சிரித்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. "மாமா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை வகுப்புல உங்க குரலைக் கேட்டு முதல்ல…"

அதற்குள் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். "ரொம்ப நேரமா நிக்கிறீங்களே, உக்காருங்க."

இரண்டு லாரி இறக்கிய உடம்பு. அவர் மறுக்கவில்லை. இருட்டில் நாற்காலியைத் தடவிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

அரங்கமே அலறியது. நாற்காலிகள் சாய்ந்தன. கிலுகிலுப்பை ஜன்னல் மேல் ஏறினான். "கட்! கட்! கட்!" என்று கட் சாரும் சேர்ந்து அலறினார். எல்லோரையும்விடச் சத்தமாக அலறியது குண்டூசிதான்.

விளக்கு எரிந்தபோது கம்பத்தின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று சின்னப் பிள்ளைகள் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். குண்டூசியால் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய முடியவில்லை.

அவருக்கு அவள் இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி.